பொருள் ஓரிடம், பணம் ஓரிடம்: திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் இணைய வரி விளம்பர வணிகமும் அதன் மோசடிகளும்

வீடு வாடகைக்கு விடவும், பழைய வண்டியை விற்கவும், வேலைக்கு ஆள் தேடவும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் பயன்பட்டவை செய்தித்தாள்களின் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் வெளியான வரி விளம்பரங்கள் ஆகும். விளம்பரம் கொடுக்க விரும்பியவர் நாளிதழ் அலுவலகத்துக்கோ அதன் முகவரிடமோ நேரில் சென்று, பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்து, கட்டணமும் செலுத்த வேண்டியிருந்ததால், போலியாக விளம்பரம் கொடுக்க நினைப்பவருக்கு அதுவே ஓரளவு தடையாக இருந்தது. 2006இல் தொடங்கப்பட்ட ஓஎல்எக்ஸ், 2008இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட குவிக்கர், 2016இல் முகநூல் நிறுவனம் தொடங்கிய மார்க்கெட்பிளேஸ் ஆகியவை அந்தத் தடையை அகற்றி, கைப்பேசி வைத்திருக்கும் எவரும் சில நிமிடங்களில் எதையும் விற்பனைக்கு அறிவிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கின. 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில், குஜராத்தின் சர்தார் படேல் சிலை 30,000 கோடி ரூபாய்க்கு விற்பனைக்கு என்று ஓஎல்எக்ஸில் யாரோ விளம்பரம் பதிந்ததும், அதன்மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்ததும், விளம்பரம் பதிவதற்கும் உடைமைக்கும் இடையே எந்தத் தொடர்பும் கேட்கப்படுவதில்லை என்பதை நாடே அறியச் செய்தன.

மார்க்கெட்பிளேஸ் தோன்றிய அதே 2016ஆம் ஆண்டில்தான், தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் யுபிஐ எனப்படும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறையை அறிமுகப்படுத்தியது. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு நொடிப்பொழுதில் பணம் செல்லும் இந்த முறை அன்றாட வாழ்வுக்கு மிகப் பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொருளைத் தேடுவதும் பணத்தைக் கொடுப்பதும் ஒரே கைப்பேசிக்குள் அடங்கிவிட்டதால், பொருளையும் ஆளையும் பார்ப்பதற்கு முன்பே பணம் போய்விடக்கூடிய வாய்ப்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

பழைய வணிகத்தில் பொருள், ஆள், பணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடின. பொன்மலைச் சந்தையில் ஒரு பொருளை வாங்கியவர் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து, விற்பவரின் முகத்தைப் பார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்தார். வீடு, வண்டி போன்ற பெரிய பேரங்களில் மூன்றையும் கூட்டிவைக்கும் வேலையைத் தரகர் செய்தார்; அவர் வாங்கிய கமிஷனுக்கு ஈடாக இருதரப்பையும் அறிந்தவர் என்ற பொறுப்பு அவர்மேல் இருந்தது. இணைய வரி விளம்பரத்தில் நடக்கும் மோசடிகள் பல பெயர்களில் வழங்கினாலும், அவை அனைத்தும் இம்மூன்றில் ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துவைப்பதால்தான் நடக்கின்றன. ஒவ்வொரு மோசடிக்கும் தனித்தனி எச்சரிக்கையை மனப்பாடம் செய்வதைவிட, இந்தப் பிரிவு எந்த இடத்தில் நிகழ்கிறது என்று பார்ப்பதே பயன் தருவது.

திருச்சிராப்பள்ளியின் இயல்பே இத்தகைய பிரிவுக்கு இடம் கொடுக்கிறது. திருவெறும்பூர் பெல் நிறுவனம், துப்பாக்கித் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை ஆகியவற்றில் பணியாற்றி இடமாறுதலிலும் ஓய்விலும் வெளியூர் செல்பவர்களும், துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படிப்பு முடித்து ஆண்டுதோறும் விடுதியைக் காலி செய்யும் மாணவர்களும் கட்டில், குளிர்சாதனப் பெட்டி, இருசக்கர வாகனம் போன்றவற்றை அவசரமாக விற்க வேண்டியவர்கள். 1994இல் திருச்சி மாநகராட்சியுடன் இணைந்த ஸ்ரீரங்கத்தின் நிலை வேறு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் தனியே வாழும் முதியவர்கள், ஓய்வுக்காலத்தை அரங்கன் சன்னிதிக்கு அருகில் கழிக்கச் சென்னையிலும் மும்பையிலும் இருந்தபடியே வீடு தேடுவோர், வைகுண்ட ஏகாதசிக்கு அறை தேடும் பக்தர்கள் ஆகியோரே அங்கு பேரத்தில் ஈடுபடுபவர்களில் பலர். அவசரமும் தூரமும் சேர்ந்த இடத்தில் நேரில் பார்த்தல் என்ற படி எளிதில் விட்டுப்போகிறது.

ஆளைப் பொய்யாக்கும் மோசடியில் மிகப் பரவலானது, இராணுவ வீரராகவோ துணை இராணுவப் படையினராகவோ நடிப்பது. இணைய விற்பனைத் தளங்களில் மோசடியாளர் பலர் தொலைவான இடத்தில் பணியாற்றும் பாதுகாப்புப் படையினராகத் தம்மைக் காட்டிக்கொள்வதை, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விழிப்புணர்வு நூலே தனித்துக் குறிப்பிடுகிறது. திருச்சியில் இந்தப் பொய் கூடுதலாக எடுபடுவதற்குக் காரணம், அது உண்மையாகவும் இருக்கக்கூடும் என்பதுதான்: விமான நிலையத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் உள்ளனர், நகரில் பிராந்திய இராணுவப் பிரிவு உள்ளது, இடமாறுதல் அவர்களுக்கு இயல்பானது. ‘ஏர்போர்ட்டில் டியூட்டி, காஷ்மீருக்கு டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, புல்லட்டை எடுத்துப்போக முடியாது’ என்ற செய்தியும், சீருடைப் படமும், அடையாள அட்டையின் படமும் சேர்ந்து வரும்போது ஐயம் எழுவதில்லை. வண்டியை நேரில் பார்க்கக் கேட்டால், முகாமுக்குள் வெளியார் வரக்கூடாது, இராணுவ வாகனத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று பதில் வரும். முதலில் அனுப்பும் கட்டணமாக இரண்டாயிரமோ மூவாயிரமோ கேட்கப்படும். அது போன பிறகு காப்பீடு, வரி, வாயில் அனுமதி என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் ‘வண்டி வந்ததும் திருப்பித் தரப்படும்’ என்ற உறுதியுடன் கேட்கப்படும். ஏற்கெனவே கொடுத்த பணம் வீணாகிவிடக் கூடாது என்ற கவலையே அடுத்த தொகையைக் கொடுக்க வைப்பதால், முதல் கட்டணத்திலேயே நிறுத்துவதுதான் இழப்பைக் குறைக்கும் ஒரே வழி. எந்தப் படையும் தன் வீரர் விற்கும் பழைய வண்டியை வாங்குபவர் வீட்டில் கொண்டுவந்து இறக்குவதில்லை.

இத்தகைய அழைப்புகள் பெரும்பாலும் உள்ளூரிலிருந்து வருவதில்லை. ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய மேவாத் வட்டாரம் இவ்வகைக் குற்றங்களின் முக்கிய மையமாகக் காவல்துறையினரால் அடையாளம் காணப்பட்டுள்ளது. 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா காவல்துறை ஏறத்தாழ 5,000 காவலர்களைக் கொண்டு நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனை நடத்தியது. பிடிபட்டவர்கள் நாடெங்கும் சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய்க்கு மேல் ஏமாற்றியிருந்ததாகப் பின்னர் அறிவித்தது. பழைய வாகனம், கைப்பேசி ஆகியவற்றுக்கான போலி விளம்பரங்கள் அவர்களது வழிகளுள் முக்கியமானவை.

ஆளைப் பொய்யாக்கும் மோசடியின் இன்னொரு வடிவம், நம்பிக்கைக்குரிய ஒருவரின் பெயரை இரவல் வாங்குவது. ஒரு காவல் அதிகாரி அல்லது பேராசிரியரின் முகநூல் பக்கத்தைப் படத்தோடும் பெயரோடும் நகலெடுத்து, அவருடைய நண்பர்களுக்கு ‘எனக்குத் தெரிந்த சிஆர்பிஎப் அதிகாரி மாற்றலாகிப் போகிறார், வீட்டுச் சாமான்களைக் குறைந்த விலைக்குத் தருகிறார், உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா’ என்று செய்தி அனுப்புகிறார்கள். பரிந்துரைத்தவரின் பழைய எண்ணுக்கு ஒருமுறை பேசினால் இது அம்பலமாகிவிடும் என்றாலும், மரியாதைக்குரியவரை ஒரு சோபாவுக்காகத் தொந்தரவு செய்வதா என்ற தயக்கத்தால் பலர் அந்த அழைப்பைச் செய்வதில்லை.

விற்பவரைக் குறிவைக்கும் மோசடிகளில் பொய்யாக்கப்படுவது பணம். பித்தளைப் பாத்திரத்தையோ தேக்கு ஊஞ்சலையோ விற்க விளம்பரம் செய்த முதியவருக்குச் சில நிமிடங்களில் அழைப்பு வரும். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே சம்மதித்து, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பப்படும். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் கணக்கில் ஏறும் என்பார்கள். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண்ணைப் போடவோ ஒருபோதும் தேவையில்லை. பின் எண் கேட்கப்படும் இடத்தில் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகிறது. தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் வசதியான ‘கலெக்ட்’ கோரிக்கை இந்த ஏமாற்றுக்கு வெகுகாலம் பயன்பட்டதால், தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கிடையே அதை நிறுத்திவிட்டது. மிகவும் வரவேற்கத்தக்க இந்த முடிவு இன்னும் சில ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். கியூஆர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. பணம் வரவு வைக்கப்பட்டதாகப் போலிக் குறுஞ்செய்தி அனுப்பி, 2,500க்குப் பதில் 25,000 தவறுதலாகப் போய்விட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அழுது பேசுவதும், உதவுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற திரைப்பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வங்கியின் செய்தி சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து வருவதில்லை என்பது ஓர் அடையாளம்தான். வங்கிச் செயலியிலோ பாஸ்புக்கிலோ இருப்பு கூடியிருக்கிறதா என்று பார்ப்பதே சான்று.

நேரில் சந்தித்தால் ஏமாற மாட்டோம் என்ற பொதுவான அறிவுரையையும் முறியடிக்கும் ஒரு மோசடி உண்டு. மூன்றாம் ஆள் நடுவில் நின்று இருவரை மோதவிடும் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கீழச்சித்திரை வீதியில் ஒருவர் தம் ஸ்கூட்டரை 45,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார் என்று கொள்வோம். மோசடியாளர் அவரை அழைத்து விலைக்குச் சம்மதித்து, ‘என் மச்சான் வந்து வண்டியைப் பார்ப்பார், அவருக்கு நான் தரவேண்டிய கடனுக்கு ஈடாக இதை வாங்கிக் கொடுக்கிறேன், அதனால் அவரிடம் விலையைப் பற்றிப் பேச வேண்டாம், பணம் நான் அனுப்புகிறேன்’ என்கிறார். அதே படங்களை எடுத்து, அதே வண்டியை 28,000 ரூபாய்க்குத் தம் எண்ணுடன் வேறொரு தளத்தில் விளம்பரம் செய்கிறார். தில்லைநகரிலிருந்து அழைக்கும் உண்மையான வாங்குநரிடம், ‘வண்டி என் அண்ணன் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள், அவர் கூடுதல் விலை சொல்வார், பேச்சுக் கொடுக்காதீர்கள், நான் முடித்துத் தருகிறேன்’ என்று சொல்கிறார். இருவரும் சந்திக்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிறது, சேசிஸ் எண் பொருந்துகிறது, வண்டி கிளம்புகிறது; ஒருவரை ஒருவர் மோசடியாளரின் உறவினர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையுடன் விலையைப் பேசாமல் நிற்கிறார்கள். வாங்குநர் 28,000 ரூபாயைத் தமக்குச் சொல்லப்பட்ட கணக்குக்கு அனுப்புகிறார். விற்பவருக்கு 45,000 அனுப்பியதாக ஒரு போலிப் படம் வருகிறது. சாவியைக் கேட்பவரும் பணம் ஏறவில்லை என்பவரும் சண்டையிடத் தொடங்கும்போது, இருவரையும் இணைத்த எண் அணைந்துபோயிருக்கும்.

இந்த மோசடியில் பொருள் உண்மை, வந்த இருவரும் நேர்மையானவர்கள். பணம் மட்டும் வேறு திசையில் பிரிக்கப்பட்டது. இதை உடைக்க இரண்டு செயல்கள் போதும். சந்தித்தவுடன் ‘என்ன விலைக்குப் பேசினீர்கள்’ என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும், ஆர்.சி.யில் உள்ள பெயருடையவரின் கணக்குக்கு மட்டுமே, அவர் எதிரில் நிற்கும்போது பணம் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் தாமே வைத்துக்கொண்ட பெயரைக் காட்டாமல், பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்ற விதி 2025 நடுவில் நடைமுறைக்கு வந்திருப்பதால், பெயரை ஒப்பிடுவது முன்னைவிட நம்பத்தக்கதாகியிருக்கிறது. விலையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒருவர் சொல்வதே இந்த மோசடியின் உறுதியான அறிகுறி.

இதன் மறுபக்கம் விற்பவருக்கு நேர்வது. மோசடியாளர் வேறெங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரை நேரடியாக விற்பவரின் கணக்குக்கே பணம் அனுப்பவைத்து, பொருளைத் தாம் எடுத்துச் சென்றுவிட்டால், அந்த ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் விற்பவரின் கணக்கு முடக்கப்படும். குற்றம் செய்யாதவர் தம் சொந்தப் பணத்தை விடுவிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதிக்கொண்டிருக்க நேரிடும். பொருளை எடுத்துப்போகும் ஆளும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும், வாங்கியவரின் பெயர், முகவரியுடன் கையொப்பமிட்ட ஒரு துண்டுச் சீட்டு அவசியம் என்பதையும் விற்பவர் அதனால்தான் கடைப்பிடிக்க வேண்டும்.

வாகனத்தைப் பொறுத்தவரை, ஏமாற்று நடக்காத பேரத்திலும் ஆபத்து மிஞ்சுகிறது. திருச்சியில் டிஎன் 45, டிஎன் 81 என்ற எண்களும் ஸ்ரீரங்கத்தில் டிஎன் 48 என்ற எண்ணும் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பெயர் மாற்றம் செய்யாமல், படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது. அந்த வழக்கில் வண்டி பல கைகள் மாறியிருந்தும் பொறுப்பு பதிவேட்டில் இருந்த முதல் உரிமையாளர் மேலேயே விழுந்தது. வாங்குபவர் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, நிதி நிறுவனக் கடன், அதாவது பேச்சுவழக்கில் எச்.பி., நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய கைப்பேசிக்கும் இத்தகைய வழி உண்டு: *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சோதித்தால், அது திருட்டுப் போனதாக முடக்கப்பட்டதா என்பது தெரியும்.

வீட்டு விளம்பரங்களில் வாடகை மோசடி எளியது: ராஜகோபுரத்துக்கு அருகில் குறைந்த வாடகையில் வீடு என்று வேறு எங்கோ எடுத்த படங்களைப் போட்டு, பார்க்க வருவதற்கே டோக்கன் தொகை கேட்பார்கள். ஒத்தி அல்லது போக்கியம் எனப்படும், பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் ஏற்பாட்டில் இழப்பு லட்சங்களில் போகும். வங்கிக் கடனில் மூழ்கிய வீட்டையோ, வேறொருவருக்கும் ஒத்திக்கு விட்ட வீட்டையோ காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க வில்லங்கச் சான்றைப் பார்ப்பதும், பத்திரத்தைப் பதிவு செய்வதும் தவிர வேறு காப்பு இல்லை. ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் பல வீடுகளின் அடிமனை கோயிலுக்குச் சொந்தம் என்ற கோரிக்கையால், பத்திரப்பதிவே நீண்டகாலமாகத் தகராறில் உள்ளது. விற்பவர் நேர்மையாகவே இருந்தாலும், தொலைவிலிருந்து விளம்பரத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்தவர் பதிவு செய்ய முடியாமல் நிற்க நேரலாம். பக்தர் விடுதிகளின் பெயரில் போலி முன்பதிவுத் தளங்கள் இயங்குவதைப் பற்றி மத்திய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது நாடு முழுவதற்கும் பொருந்துவது. கொள்ளிடக் கரையில் உள்ள அறநிலையத்துறையின் யாத்ரி நிவாஸ் போன்றவற்றுக்குக் கோயிலின் அதிகாரபூர்வத் தளம் வழியாகச் செல்வதே பாதுகாப்பானது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பழிக்கும் போக்கு ஊடகங்களிலும் குடும்பங்களிலும் மிகுதியாக உள்ளது. இது உண்மைக்குப் புறம்பானது. தம் பழைய ஊஞ்சலுக்கு நியாய விலை கேட்ட முதியவரிடமோ, ஸ்கூட்டருக்கு ஆள் வந்ததென்று மகிழ்ந்தவரிடமோ பேராசை எங்கே இருக்கிறது? இந்தப் பழிக்கு அஞ்சி, பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று மறைப்பதிலேயே மணிநேரங்கள் கழிந்துவிடுகின்றன. மோசடியாளருக்கு அதைவிட உதவியானது வேறில்லை. 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே தெரிவித்தால், பணம் சென்ற வங்கிக்கு அறிவிப்புப் போய், எடுக்கப்படாத தொகை நிறுத்திவைக்கப்படுகிறது; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்துபோன பிறகு அழைத்தால் நிறுத்துவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. அழைக்கும்போது பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை ஆகியவை கையில் இருக்க வேண்டும். பின்னர் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும், மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம்.

சட்டத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு மூன்றாண்டு வரையும், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கு ஏழாண்டு வரையும் சிறை விதிக்கின்றன. குறை இருப்பது இழப்பை யார் ஏற்பது என்பதில்தான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அறியாமல் மூன்றாம் நபரால் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை என்கிறது. ஆனால் ஏமாற்றப்பட்டு அவரே பின் எண்ணைப் போட்ட பரிவர்த்தனையில் அந்தக் காப்பு அவருக்கு எட்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளோ, தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் விற்கும் தனிநபரின் செயலுக்குப் பொருந்தாதவை. வரி விளம்பரத் தளங்களில் விற்பவர்களில் பலர் அத்தகையவர்களே. 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் இணைய நிதி மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதில் பெரும்பகுதி முதலீட்டு மோசடிகளைச் சார்ந்தது என்றாலும், வரி விளம்பரங்களில் சில ஆயிரங்களை இழப்பவர்களுக்கு அத்தொகை ஒரு மாத ஓய்வூதியம்.

பிற நாடுகள் இந்த இடத்தில் நகர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும். திருச்சியுடன் நாள்தோறும் விமானத் தொடர்புள்ள சிங்கப்பூரில், அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முகநூல் மார்க்கெட்பிளேஸும் கேரோசல் தளமும் விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பொறுப்புக்கு உள்ளாக்கப்பட்டன. இந்தியாவில் வாகனப் பதிவேடும், கைப்பேசிப் பதிவேடும் அரசின் கையில் இணையத்திலேயே உள்ளன. வாகன விளம்பரம் வெளியாகும் முன் பதிவேட்டில் உள்ள பெயரையும் விளம்பரம் செய்பவரின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கடமையைத் தளங்களின்மேல் விதிப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. விதி மட்டுமே தேவை. அதைச் செய்யாமல், ஏமாறாதீர்கள் என்று மக்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அரசும் தளங்களும் தம் பொறுப்பிலிருந்து விலகி நிற்பதாகும்.